காத்திவாக்கம் கரையில் கிடைத்த பதில்

உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆடி மாதம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. தூரத்தில் நின்ற கப்பலுக்கு அவர் அரிசியும் காய்கறியும் ஏற்றிப் போன படகு அலையில் கவிழ்ந்துவிட்டது. படகுக்காரர்கள் நீந்திக் கரையேறினார்கள். இவருக்கு நீச்சல் தெரியாது. நாங்கள் தெற்கே தண்ணீர் இல்லாத சீமையிலிருந்து வந்தவர்கள்.

சபையாரே, உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்துக் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கப்பல் வந்தாலும் கடை திறக்க மாட்டார். எல்லாருக்கும் முந்திக் கோயிலுக்கு வந்து பாய் விரிப்பார். வீட்டில் எங்கள் மூன்று பெண்பிள்ளைகளையும் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி ஜெபத்துக்கு உட்கார வைப்பார். சின்னவள் அவர் மடியிலேயே மறுபடி தூங்கிவிடுவாள். அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்.

"உயிரோடு கொடும் ஆண்டவரே" என்று அன்று முழுவதும் கதறினேன். மறுநாளும் அதையே கேட்டேன். அதற்குப் பிறகு ஜெபிக்க வாய் வரவில்லை. வேதத்தைத் தொடவே மனசில்லை. போதகர் வந்து, "பெட்டி இல்லாமலே அடக்க ஆராதனை நடத்திடலாம்மா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"அவர கடல்ல விட்டுட்டு நான் எப்படி ஐயா கோயிலுக்கு வருவேன்?" என்று கேட்டேன்.

என் கொழுந்தன் காசிமேட்டில் விசாரித்து வந்தார். இந்த மாதத்தில் தண்ணீர் வடக்கே இழுக்கும் என்று மீனவர்கள் சொன்னார்களாம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவரோடு கடலோரமாக நடந்தேன். திருவொற்றியூர் தாண்டியதும் கால் ஓய்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் மறுபடி வாய் திறந்தேன். "உயிரைக் கேட்கலை ஆண்டவரே. அடக்கம் பண்ண உடம்பையாவது தாரும்." ஒரு மனைவி கேட்கிற ஜெபமா அது? அதைத்தான் கேட்டேன்.

காத்திவாக்கம் குப்பத்தில் ஒரு கட்டுமரத்தின் ஓரம் படகுப் பாய்த் துணி போர்த்தி ஓர் உடம்பு கிடந்தது. பக்கத்தில் ஒரு மீனவப் பெண் நாய்களை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஞ்ச பாக்காதம்மா. மீன் வுட்டு வெக்கல. காலப் பாரு, போதும்."

பார்த்தேன். வலது பெருவிரலில் நகம் இல்லை. எடைக்கல் விழுந்து போன நகம்.

"எங்க வீட்டுக்காரருதான்" என்றேன்.

"கய்த்துல சிலுவ கீது. கோயிலுக்கு ஆள் அனுப்பிக்கீறோம். அதுவரிக்கும் தனியா வுட மனசு வர்ல" என்றாள். அவள் நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல. கர்த்தர் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம். பிள்ளைகள் மண் போட்டார்கள்.

இப்போது கடையை நான் நடத்துகிறேன். ஞாயிறு அடைப்புதான். முன்பெல்லாம் துக்க வீட்டுக்குப் போக எனக்குப் பயம். இன்று எந்தப் படகு திரும்பாவிட்டாலும் அந்த வீட்டுப் பெண்ணோடு போய் உட்காருகிறேன்.

முதலில் கேட்டதை ஆண்டவர் ஏன் தரவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டாவதாகக் கேட்டதைத் தந்தார். அதற்கு ஸ்தோத்திரம். உங்களுக்கும் ஒரு ஜெபம் பொய்த்துப் போயிருக்கலாம். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். மிச்சம் என்ன வேண்டுமோ, அதைக் கேளுங்கள்.