லயத்து வீட்டுக்கு ஒரு பேர்

எங்கள் சிறிய அறக்கட்டளையில் என் வேலை, ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதோடு முடிவதில்லை. படித்து முடித்து ஒரு வேலையில் உட்காரும்வரை விடாமல் துரத்த வேண்டும். துரத்துவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு மிதப்பு இருந்தது.

பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து பாலக்காட்டுக்கு வந்து கெமிஸ்ட்ரி படித்த ஒருத்தியை மூன்று வருடம் அப்படித்தான் துரத்தினேன். அரியர் வைத்தபோது திட்டினேன். ஹாஸ்டலில் அவள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். பாஸானாள். பாலக்காட்டுக்குப் பக்கத்திலேயே கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலையும் கிடைத்தது. சேர நாலு நாள் இருக்கும்போது போன் செய்தாள்.

"நான் வரல மிஸ். கொழுந்தெடுக்கப் போறேன்."

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளை வைதுகொண்டே போனேன்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் அம்மா பாலில்லாத கட்டங்காப்பி கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். எஸ்டேட் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை செய்பவர் ஐம்பத்தெட்டில் ரிட்டயர் ஆனால், குடும்பத்தில் பதினெட்டு முடிந்த ஒருவர் அந்த வேலைக்குப் பேர் பதிய வேண்டும். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அம்மாவுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்றே எல்லோரும் நம்பியிருந்தோம்.

"எனக்கு அம்பத்திநாலுதான் மிஸ்ஸு. வேலைக்குச் சேரும்போது பதினாலு. சின்னப்பிள்ளைன்னா அரைச் சம்பளம்னு எங்கப்பா பதினெட்டுன்னு எழுத வச்சிட்டாரு. ஆபீஸ் புக்குல அதான் இருக்கு. நானே மறந்துட்டேன்."

எஸ்டேட் ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். புத்தகத்தில் உள்ளதுதான் வயது, மாசக் கடைசிக்குள் பேர் வர வேண்டும் என்றார். வாழ்க்கையில் யாரிடமும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்றார்கள். எல்லோருமாகக் கஞ்சிக்கோட்டுக்குப் போய்விடலாம் என்றால், முதல் வருடச் சம்பளத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில்தான் கிடைக்கும். எழுந்து நடமாட முடியாத அவள் அப்பாவோடு நாலு பேருக்கு வீடு கிடைக்காது.

திரும்பி வந்தபோது அவள் கம்பெனிக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"இத வேற யாருக்காச்சும் வாங்கிக் குடுங்க மிஸ்."

அவள் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளியிலிருந்து வந்து யூனிபார்ம்கூட மாற்றாமல் கதவருகே நின்றிருந்தாள்.

"அடுத்த வாரம் எனக்குப் பதினெட்டு முடியுது. நான் பேரு குடுக்கேன். அக்கா போட்டும்."

"போடி உள்ள!" என்று அக்கா கத்தினாள். அம்மா தலை நிமிரவில்லை. பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வகுப்பில் அந்தச் சின்னவள்தான் முதல். அடுத்த வருடம் கல்லூரியில் சேர்க்க அவள் பேரை நானே எழுதி வைத்திருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த நேரம் அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பெரியவளைப் பார்த்து, "துணிமணிய எடுத்து வை. ஞாயித்துக்கிழமை கிளம்பணும்" என்றேன்.