லாமினேற் செய்யப்பட்ட இரங்கலுரை

பதினாறு பக்கம். மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது. ஆறிப்போய் மேலே ஆடை படர்ந்த பால் தேத்தண்ணியின் நிறம். ஓரமெல்லாம் எலி கொறித்த மாதிரி. நடுவில் ஒரு பழைய நூல், யாரோ அவசரத்தில் தைத்தது. அதை முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பாவம், இதை யாராவது கொஞ்சம் கவனித்திருக்கலாம். நான் கவனித்தேன். அதுதான் பிரச்சினை.

அது எங்கள் வீட்டு பேஸ்மென்றில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்த புரொபெசர் அங்கிளுடையது. கனடாவில், எங்கள் ஸ்காபரோவில், நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றுக்கு ஆள் எடுப்பவர்கள் சிகரெட் பிடிப்பவரா, சத்தம் போடுபவரா என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அம்மாவும் கேட்டார். என்ன சேர்ப்பவர் என்று மட்டும் கேட்க மறந்துவிட்டார். மனிதர் இரண்டு சூட்கேஸ் உடுப்போடும் பதினான்கு பெட்டி அமெரிக்காவோடும் வந்து இறங்கினார். ஊரில் கம்பஸில் அமெரிக்க வரலாறு படிப்பித்தவர். இங்கே வந்து ஓய்வெடுக்கும்வரை ஒரு கார் பார்க்கிங் கூண்டுக்குள் இருந்து டிக்கெட் கிழித்தார். கார் வராத நேரமெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

பெட்டிகளுக்குள் இருந்தவை, இருநூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கர்கள் அச்சடித்து விட்ட சின்னச் சின்னப் பிரசுரங்களும் மேடைப் பேச்சுகளும். பெயர் கேள்விப்பட்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. பாலம் திறந்த அன்று ஊர் வக்கீல் பேசியது, குடிக்காதே என்று ஒரு பாதிரியார் மூன்று மணித்தியாலம் உறுக்கியது, இந்த மாதிரி. எல்லை தாண்டி பஸ்ஸில் போய், தேவாலயங்கள் கழித்துவிடும் பழைய புத்தகங்களைக் கிண்டிச் சேர்த்தவை. ஒவ்வொன்றுக்கும் தன் கையெழுத்தில் ஒரு விபர அட்டை.

“பெரிய ஆக்கள்ர பேச்சை எல்லாரும் வைச்சிருப்பினம், பிள்ளை. உவையளை ஆர் பாக்கிறது?” என்பார்.

எங்கள் குசினி மேசையில் இருந்து அவற்றை வாசித்துக் காட்டுவார். அந்தக் காலத்து அமெரிக்கர்களும் எங்களுடைய பழைய மாணவர் சங்க டின்னரில் மைக் பிடிப்பவர்களும் ஒரே பரம்பரை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேரமில்லாதபடியால் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று இரண்டாம் பக்கத்தில் தொடங்கி நாற்பதாம் பக்கம்வரை போவார்கள். ஒருமுறை ஒரு கல்யாண வரவேற்பில் வாழ்த்துரைக்கு அங்கிளைக் கூப்பிட்டார்கள். மனிதர் பாலம் திறந்த பேச்சை அப்படியே தமிழில் போட்டுவிட்டார். இரண்டு கரைகளும் இன்றுதான் ஒன்றையொன்று அறிந்தன, இனி எந்த வெள்ளத்தையும் இது தாங்கும் என்றார். மண்டபம் கைதட்டியது. பொம்பிளையின் தாய் அழுதார். நான் மேசைக்குக் கீழே போய்ச் சிரித்தேன்.

ஆனால் அவருடைய உயிர் அந்தப் பதினாறு பக்கத்தில்தான் இருந்தது. ஒரு சின்ன ஊரில் ஆற்றைக் கடத்திவிடும் படகுக்காரர் செத்தபோது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பேசிய இரங்கலுரை. வேறு பிரதி எங்கும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. வருடத்தில் ஒருமுறை கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் திறப்பார்.

பிறகு அப்பாவும் அம்மாவும் வீட்டை விற்று விட்பி என்ற ஊருக்குப் போவதென்று முடிவெடுத்தார்கள். அங்கிளுக்கு டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஒற்றை அறை கிடைத்தது. கட்டில் வைத்தால் பெட்டி இல்லை, பெட்டி வைத்தால் கட்டில் இல்லை. பெட்டிகளை எடுக்கச் சொல்லி அவர் எழுதாத நூலகம் இல்லை. கடைசியாக ஒரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரு பெண்மணி சனிக்கிழமை வந்து பார்ப்பதாகப் பதில் போட்டார்.

“அவவும் வேண்டாமெண்டா நீலப் பெட்டிதான், தங்கச்சி,” என்று அம்மாவிடம் சொன்னார். பழைய பேப்பரை றோட்டோரம் வைக்கும் அந்த நீலப் பெட்டி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்று தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

இங்கே எங்கள் வீட்டைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். அம்மா ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவருடைய பிறப்புச் சான்றிதழ் கடலில் நனைந்து கூழாகிவிட்டது. தான்தான் தான் என்று நிரூபிக்க அவருக்கு வருடக்கணக்கு எடுத்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தத் தாளும் பிளாஸ்ரிக்குக்குள் போகாமல் தப்பியதில்லை. என் நீச்சல் சான்றிதழ், அப்பாவின் ஃபிரிட்ஜ் வொறன்ரி, கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாம் லாமினேற். நானோ கொலிஜ் முடித்துவிட்டு பிளாசாவில் ஒரு பிறின்ற் கடையில் வேலை. கல்யாண அட்டையும், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அடிக்கும் நினைவு மலரும்தான் எங்கள் பிழைப்பு.

வெள்ளிக்கிழமை அங்கிள் கண் டொக்டரிடம் போன நேரம் அம்மா அந்தப் பதினாறு பக்கத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

“உதை லாமினேற் பண்ணிக்கொண்டு வா. நாளைக்கு வாற மனிசி உதைப் பாத்தா குப்பையெண்டெல்லோ நினைப்பா.”

“கேக்காமலோ?”

“கேட்டா வேண்டாமெண்டுவார். கூச்சப்படுற மனிசன்.”

சரியான காரணமாகத்தான் பட்டது. கடைக்குக் கொண்டுபோய் நூலை வெட்டினேன். தாள்களை நடுவால் பிரித்தேன். ஒவ்வொன்றாகச் சூட்டு மெஷினுக்குள் விட்டேன். மறுபக்கத்தால் கண்ணாடி மாதிரி வந்தது. மூலைகளை வட்டமாக வெட்டினேன். துளை போட்டு, கறுப்புச் சுருள் கோத்தேன். செத்தவீட்டுப் பேச்சுத்தானே என்று எங்கள் நினைவு மலருக்குப் போடும் அட்டையையே முன்னுக்குப் போட்டேன்: நீல முகில், எரியும் குத்துவிளக்கு, மேலே பறக்கும் வெள்ளைப் புறா. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று பின்னேரம் அங்கிள் அதை வாங்கிப் பார்த்தார். பேஸ்மென்ற் ஃபிரீசரின் மூடியில் மெல்ல உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிளாஸ்ரிக் தடதடவென்று சத்தம் போட்டது.

“நூல் எங்க?”

“எறிஞ்சிட்டன், அங்கிள்.”

“மூலையெல்லாம் வட்டமா வெட்டியிருக்கிறாய்.”

“ஓம். கையில குத்தாது.”

“ஓம்,” என்றார். அவர் கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அந்த “ஓம்”தான் என்னைக் கொன்றது. மேலே ஓடிப்போய், பிளாஸ்ரிக்கைக் கழற்ற வழியுண்டா என்று இன்ரநெற்றில் தேடிப் பார்த்தேன். சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிடும், திரும்பப் பிரிக்க முடியாது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில்.

சனிக்கிழமை அந்தப் பெண்மணி வந்தார். அம்மா வைத்த வடையைப் பேப்பருக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று மரியாதையாகத் தள்ளிவைத்துவிட்டு, பெட்டி பெட்டியாகப் பார்த்தார். அங்கிள் எதையும் ஒளிக்கவில்லை. ஒன்பதாவது பெட்டிக்குள் இருந்து புறா பறந்து வெளியே வந்தது. பெண்மணி அதை நெடுநேரம் பார்த்தார். அங்கிள் வாய் திறக்க முதல் நான் குறுக்கே விழுந்தேன்: நான்தான் செய்தேன், அவருக்குத் தெரியாது, இதற்காக மற்றதை விட்டுவிடாதீர்கள்.

குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. “நான்தான் செய்யச் சொன்னனான், பிள்ளையில பிழையில்லையெண்டு அவவுக்குச் சொல்லு!”

“தங்கச்சி, இது கோடு கச்சேரி இல்லை, சும்மா இருங்கோ,” என்றார் அங்கிள்.

பெண்மணி அதனுடைய விபர அட்டையை எடுத்தார். யார் தைத்துக் கட்டியது என்று குறிக்கும் இடத்தில் பழைய எழுத்தை அடித்துவிட்டு அங்கிள் ஆங்கிலத்தில் புதிதாக எழுதியிருந்தார்: ‘ஸ்காபரோ. வீட்டுக்காரரின் மகள். நல்ல நோக்கத்துடன்.’ பெண்மணி அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்: மற்ற எல்லாவற்றையும் எடுக்கிறோம், இந்த அட்டைகளையும் சேர்த்து, ஒன்றையும் பிரிக்கமாட்டோம். இதை மட்டும் எடுக்க முடியாது; பிளாஸ்ரிக்கை மற்றவற்றோடு வைக்கக் கூடாது.

அங்கிள் நிச்சயமாகவா என்று இரண்டுதரம் கேட்டார். பிறகு, தேவைக்கும் கூடிய வேகத்தில் அதை அவருடைய கையிலிருந்து வாங்கினார்.

போன கிழமை டோர்செட் பார்க்குக்குப் போனேன். அங்கிள் இறால் கறி வைத்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்தபடி, புறா அட்டையோடு, படகுக்காரர் நின்றார். ஒரு கையால் கறியைக் கிண்டுகிறார், மறு கையால் பக்கத்தைத் திருப்பி உரத்து வாசிக்கிறார். வாத்தியாரின் கண்ணீர் வசனத்தில் மிளகாய்க் குழம்பு தெறித்தது. ஈரத் துணியால் ஒரு இழுவை இழுத்தார்; போய்விட்டது.

“முந்தி வருசத்தில ஒருக்கா. இப்ப நாளுக்கு ரெண்டுதரம்,” என்றார். “பேச்சு பெரிய திறமெண்டில்லை, பிள்ளை. வாத்தி நல்லா அலட்டுறான்.”

இதுதான் தருணம் என்று நினைத்தேன். “அப்ப என்னை மன்னிச்சிட்டீங்களோ, அங்கிள்?”

“இல்லை,” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். “அந்த வெங்காயத்தை உரி.”