கடைசி ஆளாக வருகிறவர்

அவரை அந்தக் குழுவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாலண்ணன் என்றால்தான் தெரியும். ஐம்பதை எட்டப்போகிற மனிதருக்கு இப்படியும் ஒரு பட்டமா என்று அவர் மனைவி முதலில் முறைத்தாள். காரணம் தெரிந்ததும் உச்சி குளிர்ந்து போனாள். லீவு நாளில் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டப் போகிற கூட்டம் அது. அதில் எப்போதும் கடைசி ஆளாக வருகிறவர் இவர். "யாராவது விழுந்தா, டயர் கியர் போச்சுன்னா, பின்னாடி ஒருத்தன் வேணும்ல" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம். முந்திக்கொண்டு போக ஆயிரம் பேர் உண்டு, பின்னால் வருவதற்குத்தான் பெரிய மனசு வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மனிதருக்கு இறக்கம் என்றால் பயம், அவ்வளவுதான்.

ஏற்றத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூச்சு வாங்காமல் மிதிப்பார். ஆனால் சைக்கிளின் முன்சக்கரம் கீழ்நோக்கிச் சரிந்துவிட்டால் போதும், ஓரம் கட்டி நின்றுவிடுவார். மற்றவர்கள் வளைவில் திரும்பி மறைகிறவரை காத்திருப்பார். பிறகு இறங்கி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்துத் தள்ளிக்கொண்டே வருவார். அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்து வந்த மண் தெரியாதபடி ஷூவைப் புல்லில் தேய்த்துத் துடைப்பார். ஏறி உட்கார்ந்து, காத்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் ஜம்மென்று மிதித்துக்கொண்டு வந்து நிற்பார். "எல்லாரும் முழுசா இருக்கீங்களா?" என்று வேறு கேட்பார். வருஷக்கணக்கில் இந்த நாடகம் நடந்தது. ஈ காக்கைக்கும் தெரியாது.

பிழைப்புக்கு அவர் பல் செட் செய்கிறார். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை கட்டி, பிறகு உண்மையான பல்லைப் போலத் தேய்த்து மெருகேற்றும் வேலை. ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு சின்னச் சூளை, மூக்கில் வெள்ளைத் தூசி. விழுந்து பல் உடைந்தவர்களின் வாயெல்லாம் கடைசியில் அந்த மேஜைக்குத்தான் வரும். பயத்துக்கு அதையே சாக்காகச் சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சொல்லவேண்டிய நாளில் சொல்லாமல் விட்டுவிட்டார். அப்புறம் சொல்வதற்கு நாக்கு எழவில்லை.

இப்படி இருக்கையில் மனைவியின் தம்பி ஒரு புது சைக்கிள் வாங்கினான். பெயிண்டர். மூன்று மாடி உயரத்தில் ஒற்றை ஏணியில் நின்றுகொண்டு பாட்டுப் பாடுகிறவன். அக்காள் புருஷன் மேல் அவனுக்கு ஒரு தனி மரியாதை. "அத்தான் கூடத்தான் போவேன்" என்று வந்து சேர்ந்தான்.

வார இறுதிப் பயணத்துக்குப் பாதை தேர்வு செய்ய எல்லோரும் பிளம்பரின் கடையில் கூடினார்கள். குழுவுக்கு அவர்தான் தலைவர். பைப்புகளுக்கும் வாஷ்பேசின்களுக்கும் நடுவே ஒரு குளியல் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மலை வரைபடத்தை விரித்தார். பச்சைக் கோடு குழந்தைகளும் ஓட்டலாம். நீலம் சுமார். சிவப்பு என்றால் பாறையும் செங்குத்து இறக்கமும். முதல் நாளுக்கு நீலம் என்று உடனே முடிவாயிற்று. இரண்டாம் நாளுக்குத்தான் பேச்சு இழுத்தது.

"எப்பவும் நாமளே சொல்றோம். இந்தத் தடவை வாலண்ணன் சொல்லட்டும்" என்றார் கணக்கு டீச்சர். குழுவில் வேகமாக ஓட்டுகிறவர் அவர்தான் என்று பெயர்.

வாலண்ணனுக்கு உள்ளுக்குள் குதூகலம். இரண்டாம் நாளும் நீலம் என்று சொல்வதற்குக் கையில் அருமையான காரணம் இருந்தது. மச்சினன் புதுசு, அவனுக்குச் சிவப்பு ஆகாது. அது உண்மையும்கூட. வாயைத் திறந்தார்.

அதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். "எனக்காகப் பாக்காதீங்க அத்தான். நீங்க பின்னாடி வர்றீங்கன்னா எனக்கு எந்தப் பாதையா இருந்தாலும் சரி."

"பாருங்கப்பா, இத்தனை வருஷமா இவர் அடுத்தவங்களுக்காகவே ஓட்டியிருக்கார்" என்றார் பிளம்பர். "ஒரு நாளாவது அவருக்குப் பிடிச்சத ஓட்டட்டும். சொல்லுங்கண்ணே."

எல்லோருடைய கண்ணும் அவர் விரல்மேல். இப்போது நீலம் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், ஆனால் குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான் குறுகுறுக்கும். நாய் வேஷம் போட்டாயிற்று, குரைத்துத்தானே ஆகவேண்டும். விரல் சிவப்புக் கோட்டில் போய் நின்றது. மச்சினன் கைதட்டினான். ஏணி மேல் நிற்கிறவனுக்கு இறக்கம் என்ன பெரிய விஷயம் என்று வாலண்ணன் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். சமாதானம் ஆகவில்லை.

இரண்டாம் நாள் காலையில் சிவப்புப் பாதை ஒரு பாறையின் விளிம்பில் வந்து நின்றது. அதற்குக் கீழே வேர்களும் சரளையுமாக ஒரே சரிவு. பிளம்பர் போனார், டீச்சர் போனார், இருவரும் வளைவில் மறைந்தார்கள். மச்சினன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பினான்.

"அத்தான், வர்றீங்கல்ல?"

"வர்றேன், நீ போ."

அவன் போனான். அவன் முதுகு மறைந்ததும் வாலண்ணன் வழக்கம்போல இறங்கினார். பத்தடி தள்ளியிருப்பார், கீழே சைக்கிள் பாறையில் மோதும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு முனகலும் கேட்டன. ஓடலாம் என்றால் சைக்கிள் இழுத்தது. அதைப் போட்டுவிட்டு ஓடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூசும். தள்ளிக்கொண்டேதான் போனார்.

மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். உதட்டில் ரத்தம், முன்பல் பாதியைக் காணோம். நிமிர்ந்து பார்த்தான். அத்தானைப் பார்த்தான், அவர் கையில் இருந்த சைக்கிளைப் பார்த்தான், ஷூவில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தான். அன்றைக்கு அதைத் துடைக்கப் புல் இருந்தும் நேரம் இல்லை.

பிளம்பரும் டீச்சரும் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்கள்.

"அத்தான் என் பின்னாலயே வந்துட்டிருந்தாரு" என்றான் மச்சினன், உதட்டைத் துடைத்துக்கொண்டே. "நான் விழுந்ததும் குதிச்சு இறங்கி ஓடி வந்துட்டாரு."

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். வாலண்ணன் குனிந்து மச்சினனின் சைக்கிளை நிமிர்த்தினார்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. இரண்டு மாதம் கையைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெயிண்டருக்குக் கை போனால் எல்லாம் போன மாதிரி. ஒத்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்து வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. அக்காளோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவர் மட்டும் பின்னாடி இல்லேன்னா என் தம்பி கதி என்ன ஆகியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லும்போதெல்லாம் அவர் எதையாவது தேடுகிற சாக்கில் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அங்கே தேட ஒன்றும் இருக்காது. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

உடைந்த பல்லின் அச்சு அவர் மேஜைக்குத்தான் வந்தது. நிறம் பார்க்க மச்சினனே நேரில் வந்தான், கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் அவனை உட்காரவைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவன் உதட்டோரம் வைத்துப் பார்த்தார்.

"நீ எதுக்குடா அன்னைக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டேவிட்டார்.

"எப்படி?"

"நான் ஓட்டிட்டு வந்தேன்னு."

மச்சினன் மாதிரிப் பல்லை உதட்டிலிருந்து விலக்கினான். "உங்க மானம் போகக்கூடாதுன்னுதான். அத விடுங்க." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு சொல்லவா அத்தான்? அந்தப் பாறை மேல நின்னப்போ எனக்குக் காலு வெலவெலத்துப் போச்சு. இறங்கித் தள்ளிட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். திரும்பிப் பாத்தேன். நீங்க நின்னீங்க. இந்த வயசுல அத்தானே ஓட்டிட்டு வர்றாரு, நாம இறங்கினா அசிங்கமில்லையான்னு நெனச்சேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"நீங்களும் நடக்கிறவர்னு தெரிஞ்சிருந்தா நானும் நடந்திருப்பேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் வாயைத் திறந்து காட்டினான்.

அந்தப் பல்லை அவர் மூன்று தடவை செய்தார். முதல் இரண்டையும் யார் பார்த்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரே உடைத்துப்போட்டார்.

எலும்பு கூடியபின் மறுபடியும் அதே தொட்டி, அதே வரைபடம். பிளம்பர் நாசூக்காக நீலத்தின்மேல் விரலை வைத்தார். வாலண்ணன் தொண்டையைச் செருமினார்.

"சிவப்புலயே போலாம். ஆனா ஒண்ணு, நான் முன்னாடி போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வாலுக்குத் தலையாக ஆசை வந்துவிட்டது என்றார் டீச்சர். மச்சினன் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்தான்.

அந்த வாரம் அதே பாறைக்கு அவர் முதல் ஆளாக வந்து சேர்ந்தார். பின்னால் மூன்று சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவர்களுக்கும் அவருக்கும் நடுவே மறைவதற்கு வளைவு இல்லை. இறங்கினார். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு காலை வைத்தார், அடுத்ததை வைத்தார். பிடரி தீயாய் எரிந்தது.

"என்னண்ணே, செயின் கழண்டுடுச்சா?" என்று மேலேயிருந்து பிளம்பர் கேட்டார்.

தப்பிக்கும் வழியை அந்த மனிதர் தட்டில் வைத்து நீட்டினார். ஆமாம் என்றால் போதும். இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடலாம்.

"செயின் நல்லாத்தான் இருக்கு" என்றார் வாலண்ணன், திரும்பாமல். "எனக்குப் பயம். நான் ஒரு நாளும் இறக்கத்துல ஓட்டினதே இல்ல. அன்னைக்கும் ஓட்டல."

யாராவது கேலி செய்தால் தேவலை என்றிருந்தது. யாரும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பிளம்பர் அவரைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார், முகத்தைப் பார்க்காமல். டீச்சரும் அப்படியே போனார். அந்த இரண்டு முதுகுகளும் வளைவில் மறைகிறவரை அவர் தலையைத் தூக்கவில்லை.

அதன்பிறகு பின்னால் ஒரு சைக்கிளின் பிரேக் கிறீச்சிட்டது, சரளையில் ஒரு ஷூ இறங்கியது.

"மெதுவா தள்ளுங்க அத்தான்" என்றான் மச்சினன். "நான் பின்னாடிதான் வர்றேன்."