இரைச்சல் நீக்கிய விளையாட்டுகள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். வாசலில் கட்டியிருந்த பதாகையில் ‘தமிழரின் முதல் கணினி விளையாட்டுகள்’ என்று எழுதி, கீழே ஓர் ஆண்டையும் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு தவறு. எந்தக் கணினிக்காக அந்த விளையாட்டுகள் எழுதப்பட்டனவோ அந்தக் கணினியே அப்போது விற்பனைக்கு வந்திருக்கவில்லை. காட்சிப் பலகைகளுக்குத் தேதி சரிபார்த்துத் தரும்படி என்னைக் கேட்ட இளைஞரிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

“பரவால்ல அங்கிள், பேனர் அடிச்சாச்சு லா,” என்றார்.

பேனர் அடித்துவிட்டால் வரலாறுதான் அதற்கேற்ப நகர்ந்துகொள்ள வேண்டும் போலும்.

நடந்தது இவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில் அந்த வட்டாரத்தில் பாட்டுக் கேசட் பதிவு செய்து விற்கும் கடை ஒன்று இருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் சிறு கணினிகள் அப்போது வரத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கான விளையாட்டுகளும் கேசட்டில்தான் விற்கின்றன என்று கேள்விப்பட்ட கடை முதலாளி அதிலும் இறங்கினார். நான்கு தலைப்புகள் வெளியிட்டார். மூன்று, வெளிநாட்டுச் சரக்குக்குத் தமிழ்ப் பெயர் ஒட்டியவை. அட்டையில் இருந்த விளக்கமே ஆங்கிலப் பத்திரிகை விளம்பரத்தின் மோசமான மொழிபெயர்ப்பு. நான்காவது மட்டும் இங்கேயே எழுதப்பட்டது. பால்குடத்தோடு பத்துமலைப் படி ஏற வேண்டும், குரங்குகள் குறுக்கே வரும். நான்கும் எந்த வரிசையில் வந்தன என்பதை, அட்டையின் பின்புறம் அச்சிட்ட கடை முகவரியையும் தொலைபேசி எண்ணின் நீளத்தையும் வைத்து நான் தீர்மானித்தேன். கண்காட்சியில் அந்த வரிசையையும் மாற்றித்தான் வைத்திருந்தார்கள், அட்டையின் நிறம் பொருந்த வேண்டும் என்பதற்காக.

நான்கும் என்னிடம் உண்டு. சுங்கை வேயில் நாங்கள் இருந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தவை. நான்கில் ஒன்றுகூட ஓடியதில்லை. மற்ற கடைகளில் வாங்கிய கேசட்டுகள் எங்கள் கணினியில் ஒழுங்காக ஓடின. அப்பா போய்க் கேட்டபோது, கணினியை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று, இதை விளையாடித்தான் வளர்ந்தோம் என்று பேசிக்கொண்டவர்களை நான் கொஞ்சம் நெருங்கியே கவனித்தேன். காஜாங்கில் கடை வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவர், பத்துமலை விளையாட்டில் தன்னை அடிக்க அன்றைக்கு ஆளே இல்லை என்றார். படி ஏறி முடித்ததும் திரையில் என்ன வரும் என்று கேட்டேன்.

“மயிலு வரும் பாஸ். வந்து அப்படியே நம்மளத் தூக்கிட்டுப் போகும்.”

அவர் பக்கத்தில் நின்றவர் உடனே மறுத்தார். மயில் இல்லையாம், வேல் கிடைக்குமாம். இருவரும் சிறிது நேரம் வாதாடிவிட்டு, கடைசியில் இரண்டுமே வரும் என்று சமாதானமாகி, சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். விளையாடாத விளையாட்டை நினைத்துக் கண் கலங்குவதற்கும் ஒரு திறமை வேண்டும். அது நம்மவர்களிடம் ஏராளமாக இருக்கிறது.

“மயிலெல்லாம் இல்ல சார்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “மயில் வரையற அளவுக்கு அந்தக் கம்ப்யூட்டர் மெமரில இடமே கிடையாது.”

அறுபதைக் கடந்த ஓர் அம்மாள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்திருந்தார். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த விளையாட்டை எழுதியவர் அவர்தான். பலகைகளில் எங்கும் அவர் இல்லை. எல்லா இடத்திலும் முதலாளியின் முகம்தான். அது தனக்குப் பெரிதில்லை என்றார். வேறொன்றுக்காக வந்திருந்தார்.

அன்றைக்கு அவர் தற்காலிக ஆசிரியை. அண்ணனின் கணினியில் அவராகவே நிரல் எழுதக் கற்று, அந்த விளையாட்டை எழுதி, வீட்டில் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடையில் கொடுத்திருக்கிறார். விற்ற கேசட்டுகள் ஓடவில்லை என்று திரும்பி வந்தன. முதலாளி அவரைக் கூப்பிட்டு, நிரலில் தப்பு இருக்கிறது, கடையின் பெயர் கெட்டது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வரியாகத் தேடியும் அந்தத் தப்பு அவருக்கு அகப்படவில்லை. தப்பைக் கண்டுபிடிக்கக்கூடத் தெரியாத மண்டைக்குக் கணினி எதற்கு என்று, பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கக் கிடைத்த இடத்தையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பின் கணினியைத் தொடவில்லை.

“எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும் சார். தப்பு என்னோடதா, இல்லியா?”

அதற்குள் மேடையில் பாராட்டு தொடங்கிவிட்டது. நாங்களும் ஒரு வரிசையில் போய் உட்கார்ந்தோம். முதலாளிக்கு மாலை, அதன்மேல் பொன்னாடை, அதன்மேல் இன்னொரு பொன்னாடை. துணிக்கு நடுவில் முகம் மட்டும் தெரிந்தது. வயதாகிவிட்டாலும் குரலில் குறையில்லை. தரத்தைப் பற்றிப் பேசினார்.

“கம்ப்யூட்டர் கேசட்ட போட்டுக் கேட்டீங்கன்னா காது கூசும். கீச்சுக் கீச்சுன்னு ஒரே இரைச்சல். அப்படியே வித்தா நம்ம கட பேரு என்னாவறது? நானே உக்காந்து ட்ரெபிளக் கொறச்சி, இரைச்சல் எடுக்கற பட்டனப் போட்டு, ஒவ்வொரு கேசட்டையும் சுத்தம் பண்ணித்தான் வித்தேன். மொதல்ல பிள்ளையார் பாட்டு, அப்பறந்தான் கேமு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிள்ளையார் பாட்டு உண்மை. என் நான்கு கேசட்டிலும் இருக்கிறது. அந்தக் கடையில் எந்தக் கேசட்டும் அது இல்லாமல் தொடங்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் கெடுதல் இல்லை, கணினி பாட்டு முடியும்வரை சும்மா இருக்கும். ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் வேறு விஷயம். அன்றைய கேசட்டில் விளையாட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. அந்தச் சத்தத்தைத்தான் கணினி கேட்டுப் படித்துக்கொள்ளும். புத்தகம் அச்சிடுகிறவர் ஒருவர், தாளெல்லாம் கறுப்பாக இருக்கிறதே என்று எழுத்துகளைத் தேய்த்துத் துடைத்து விற்றால் எப்படியோ, அப்படி. தேய்த்த கையோடு, எழுதியவளுக்கு எழுத வராது என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் கைதட்டவில்லை.

“அந்த இரைச்சல்தானே சார் கேமு,” என்றார் மெதுவாக.

கேள்வி நேரம் என்றார்கள். எழுந்து, விளையாட்டு ஓடவில்லை என்று அன்றைக்கு யாரும் வந்து சொல்லவில்லையா என்று கேட்டேன். ஒன்றிரண்டு பேர் வந்தது உண்மைதான் என்று முதலாளி பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். “அது நம்ம வேல இல்ல தம்பி. ஒரு பொண்ணு எழுதிக் கொடுத்துச்சி, அதுல கொஞ்சம் கோளாறு.” சொன்னபோது அவர் பார்வை எங்கள் வரிசையைத்தான் தாண்டிப் போயிற்று. அந்தப் பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் மேலும் பேச வாயெடுத்தேன். டீச்சர் என் கையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

“இப்ப வேணாம். அவர் கெடுத்தாருங்கறது ஒன்னு, நான் எழுதினது சரிங்கறது வேற ஒன்னு. மூலக் கேசட் வீட்ல இருக்கு. மொதல்ல அது ஓடுதான்னு பாக்கணும்.”

அந்த மண்டபத்தில் அன்று ஆதாரம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் பழைய கணினியையும் ஒரு டேப் ரெக்கார்டரையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். கேசட், தையல் மிஷின் டிராயரில் நூற்கண்டுகளோடு கிடந்தது. அவரே தன் கையால் பதிந்தது. அதில் பிள்ளையார் பாட்டு இல்லை. நாடாவை இரண்டு முறை ஓட்டிச் சுற்றிவிட்டுப் போட்டோம். கீச்சென்ற சத்தம் கூடத்தை நிறைத்தது. கணினி முதலில் அதைப் படிக்கவில்லை. ஒலி அளவை மாற்றி மாற்றி வைத்தேன். டீச்சர் டேப் ரெக்கார்டரைப் பார்க்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் நின்றது. திரையில் படிக்கட்டு வந்தது.

ஓடியது.

டீச்சர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ஆடத் தொடங்கினார். எறும்பளவு ஆள், தலையில் குடம் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கட்டம். குரங்குகள் இடப்பக்கத்திலிருந்து மட்டுமே வந்தன. வலது ஓரமாகவே ஏறினால் ஒரு குரங்கும் தொடாது. உச்சியில் மயிலும் இல்லை, வேலும் இல்லை. ‘அரோகரா’ என்ற நான்கெழுத்து, புள்ளி புள்ளியாக அவரே வரைந்தது, இரண்டு முறை மின்னி மறைந்தது. மயிலுக்கான இடமெல்லாம் அதற்கே போய்விட்டதாம்.

“எப்படி இருக்கு சார்? உண்மையச் சொல்லுங்க.”

மண்டபத்தில் கேட்ட புகழுரைகளுக்குப் பிறகு பொய் சொல்ல எனக்கு மனமில்லை. மோசமான விளையாட்டு டீச்சர் என்றேன்.

“மோசந்தான்,” என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. “ஆனா ஓடுதுல்ல.”

கேசட் கடை செய்த வேலையை விவரித்து, விற்ற பிரதிகள் ஓடியிருக்க வழியில்லை என்றும், எழுதியவர் இன்னார் என்றும் பலகைக்குத் திருத்தம் எழுதி, அங்கிருந்தபடியே இளைஞருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. கண்காட்சி முடியும்வரை பலகை மாறவில்லை. மயிலை மட்டும் சேர்த்திருந்தார்கள்.

அந்த ஞாயிறன்று டீச்சர் அந்தக் கட்டைவிரலைப் பொருட்படுத்தவில்லை. மறுபடி ஆடப் போனபோது திரையில் ஏதோ சரியில்லை. ஆள் அடிப்படியில் தொடங்காமல் உச்சியிலேயே நின்றான். ஏறுவதற்குப் படியே இல்லை. மறுபடி மறுபடி அதேதான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நெருங்கினார்.

“இது என்னோட தப்பு,” என்றார். “அப்பல்லாம் ஒவ்வொரு வாட்டியும் கேசட்டப் புதுசா போட்டுத்தான் ஆடிப் பாத்தேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்.”

ஒரு விசையை அழுத்தினார். அவர் எழுதிய வரிகள் மேலிருந்து கீழாகத் திரையில் வரிசையாக இறங்கின.