ஒரு சொட்டும் ஒழுகாத உள்ளாடை

அம்மாவுக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை என்பது எனக்குத் தெரியவர ஆறு மாதம் ஆனது. இரண்டே அறை உள்ள ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு விஷயத்தை ஆறு மாதம் மறைக்க அவளால்தான் முடியும். விடியுமுன் எழுந்து புடவையைத் தானே அலசிக் காயப்போட்டுவிடுவாள். கேட்டால், "வேர்வைடி, ஒரே கசகசன்னு கீது" என்பாள். மார்கழியில் என்ன வேர்வை என்று எனக்கு உறைக்கவே இல்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் எதுதான் உறைக்கும்?

ஒரு நாள் பாயைத் தூக்கியபோது வாடை காட்டிக்கொடுத்தது. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் வயல்களில் முழங்கால் சேற்றில் நாற்று நட்டவள், நாலு பேர் முன்னால் மேஸ்திரியைத் திட்டி ஓட விட்டவள், என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன். அதைப்போல் முட்டாள்தனமான கேள்வியை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

டாக்டர், வயதானால் அப்படித்தான், துணி கட்டிவிடுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். கட்டினோம். பழைய புடவையைக் கிழித்து மடித்துக் கட்டினால் இரண்டு மணி நேரம் தாங்கும். பிறகு ஈரத் துணி தொடையை அறுக்கும். மருந்துக் கடையில் மீட்டர் கணக்கில் கொடுத்த ரப்பர் ஷீட்டைப் பாயின்மேல் விரித்தேன். பாய் பிழைத்தது, அம்மா ஈரத்திலேயே கிடந்தாள்.

இது தொண்ணூறுகளின் தொடக்கம். குழந்தைகளுக்கு மாட்டிவிடுகிற டயபரே எங்கள் பக்கம் அதிசயம். அதே கடையில் போய்க் கேட்டேன்.

"கொயந்தைக்கு எத்தினி மாசம்மா?" என்றார் கடைக்காரர்.

"எங்கம்மாவுக்கு."

மாத்திரை வாங்க நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பெரியவங்களுக்குலாம் இங்க வராதும்மா. டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி பக்கம் கேட்டுப் பாருங்க. அங்கயும் கெடைக்குமோ இன்னாவோ" என்றார். வெறுங்கையோடு வர மனமில்லாமல் மாதவிலக்கு நாப்கின் இரண்டு பாக்கெட் வாங்கிவந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, எனக்குத் திரும்ப மொதல்லேர்ந்தா?" என்று சிரித்தாள். அந்த ஒரு நாள்தான் சிரித்தாள். நாப்கின் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஐயப்பன்தாங்கலில் இருக்கும் என் தங்கைக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அம்மா போகாமல் இருப்பாளா? ஆனால் வாயைத் திறந்து அவள் கேட்டது ஒன்றுதான்: "சம்பந்தி ஊட்டு ஜனம் முன்னால நனைஞ்சிட்டா இன்னாடி பண்றது?"

நான் தையல்காரி. பட்டாளத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பதினாலு வருஷம் மெஷின் மிதித்தவள். கடையில் இல்லாவிட்டால் என்ன, நானே தைக்கிறேன் என்று கிளம்பினேன். ஏலத்தில் எடுத்த துண்டுத் துணி விற்கிறவரிடம் மழைக்கோட்டுத் துணி வாங்கினேன். வெளியே அது, உள்ளே நாலு மடிப்பு பனியன் துணி, தொடையில் எலாஸ்டிக், இடுப்பில் நாடா, எல்லாம் இரட்டைத் தையல். முடித்ததும் உள்ளே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் குழாயில் தொங்கவிட்டேன். மழைத்துணிக்கு எங்கள் சோதனை அதுதான். கால் மணி நேரம் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

உடுத்துகிறவரைக் கேட்கிற வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. அளவு வரும், தைப்போம், பரிசோதகர் தையலை இழுத்துப் பார்ப்பார், மூட்டையாகக் கட்டிப் போகும். எங்கோ பனியிலோ வெயிலிலோ அதைப் போட்டுக்கொண்டு நிற்பவனுக்கு எங்கே உரசுகிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் தைத்தேன்.

பூந்தமல்லியில் பஸ் மாறி ஐயப்பன்தாங்கல் போனோம். அம்மா பட்டுக்கரைப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்து மகளுக்கு வளையல் அடுக்கினாள், கன்னத்தில் சந்தனம் பூசினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு தடவைகூட என்னைக் கண்ணால் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தால் உள்மடிப்பு லேசாக ஈரம், அவ்வளவுதான். எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. என் புருஷனிடம், "டவுன்லயே கெடைக்காத சாமான், நான் தச்சிட்டேன்" என்று பீற்றிக்கொண்டேன். அதே அளவில் இன்னும் ஆறு தைத்தேன். காலையில் வேலைக்குப் போகும்முன் மாட்டிவிட்டால் சாயங்காலம் வந்து அவிழ்ப்பேன்.

"எப்படி கீதும்மா?" என்று கேட்பேன். கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"நல்லாத்தான் கீது" என்பாள்.

சித்திரை பிறந்து வெயில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, பேச்சு குழறியது. குளிப்பாட்டலாம் என்று புடவையை அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்புக்குக் கீழே தோல் வெந்து, எலாஸ்டிக் பதிந்த இடமெல்லாம் உரிந்து, பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். தினமும் நான் அவிழ்த்த உடம்புதான். ஈரமா இல்லையா என்று துணியைத் தடவிப் பார்த்தேனே தவிர அவளைத் திருப்பிப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அம்மாவின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் எழும்பி அப்படியே நின்றது.

"தண்ணியே குடிக்கிறதில்லையா இவங்க?"

"குடிப்பாங்களே" என்றேன். யாருக்குத் தெரியும்? நான் பகலெல்லாம் மெஷினில் இருந்தேன்.

அம்மாதான் பதில் சொன்னாள், என்னைப் பார்த்து, மெதுவாக. "குடிச்சா நனையும். நனைஞ்சா நீ தோய்க்கணும். வேலைக்கும் போயிகினு எத்தினிடி தோய்ப்ப?"

"அப்ப அன்னிக்கு வளைகாப்புக்கு?"

"மொத நாளு மத்தியானத்துலேர்ந்தே பல்லுல தண்ணி படல. நீ எம்மாம் ஆசையா தச்ச, அது ஒழுகிடுச்சின்னா உனுக்கு மனசு கஷ்டமா இருக்காது?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையைச் சொல்லி ஊரார் சிரிப்பார்கள். நான் அந்தப் பழமொழியைக் கேட்டாலே எழுந்து போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் தைத்த ஏழு உள்ளாடையையும் அடுப்பில் போட்டேன். மழைத்துணி எரிகிற நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. நீண்ட லீவு போட்டேன். நைந்த பருத்திப் புடவைகளாகத் தேடி வாங்கி, கட்டாமல் அடியில் மட்டும் விரித்து, மணிக்கொரு தரம் மாற்றினேன். மெத்தென்று இருந்தது, காற்றும் பட்டது. முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது. புண் அதற்குள் எலும்புவரை போய்விட்டது.

"நனைச்சிக்கோம்மா, நான் தோய்க்கிறேன், எனக்கு வேற வேலை இல்ல" என்று அவள் காதருகே கெஞ்சுவேன். ஸ்பூனில் தண்ணீரைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டு, "துணி கீதா?" என்பாள். இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டாள். கையைக் கீழே கொண்டுபோய்த் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறப்பாள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் இப்படி.

கடைசி இரண்டு நாள் கை அவ்வளவு தூரம் போகவில்லை. அவள் வாயைத் திறக்கவே இல்லை.