நனையாத கோட்டும் பொரியாத முட்டையும்

கிளார்க் வேலைகளிலேயே கேட் பாஸ் எழுதுவதுதான் சுலபம். என்ன வெளியே போகிறது என்று எழுதினால் போதும், எங்கே போய்ச் சேரும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியை மூடியதும், அதே கட்டடத்துக்கு மழைக்கோட்டுத் துணியை மருந்தில் முக்கியெடுக்கும் கம்பெனி வந்தது. கைக்குழந்தைக்காரி என்றாலும் கான்வென்ட் இங்கிலீஷுக்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கும் உங்களுக்கெல்லாம் என் கதை புரியும்.

உருண்டோடிய டீ

முதல் வாரம் கோயமுத்தூரிலிருந்து துணி வாங்க ஒருவர் வந்தார். மேனேஜர் தன் டீயையே துணிமேல் ஊற்றிக் காட்டினார். சொட்டு ஒட்டாமல் உருண்டு ஓடியது. "துணி கிழிஞ்சாலும் மருந்து அழியாதுங்க" என்றார். எனக்கே பெருமையாக இருந்தது. வந்தவர் மட்டும் துணியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அழியாதுன்னா, அப்புறம் அது எங்கதானுங்க போகும்?"

குளத்து நீர்க்கோழி

தொட்டி கழுவிய தண்ணீர் பின்புறக் குளத்துக்குத்தான் போனது. துணி முக்கும் செல்லம்மாக்கா, இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். முந்தின வருஷம் கோரைக்குள்ளிருந்து கறுப்புக் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு திரிந்த நீர்க்கோழி, இந்த வருஷம் அடைகாத்தது, காத்தது, காத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விட்டது. தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை. மழை பெய்தும் தவளைச் சத்தம் இல்லை.

மேனேஜரிடம் சொன்னேன். தலையைத் தூக்காமலே பதில் வந்தது: "ஏம்மா, நாம துணிக்கு மருந்து போடறமா, கோழிப்பண்ணை வெச்சிருக்கமா?"

காலி டிரம்

தீபாவளிக்கு போனஸ் இல்லை. ஆளுக்கொரு நீல டிரம், மருந்து வந்து தீர்ந்தது, தந்தார்கள். லைன் வீடுகளில் தகரக் கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணி பிடிக்க டிரம் வைக்காத வாசல் உண்டா? ஒன்பது டிரம்முக்கும் 'காலி' என்று எழுதி நான்தான் பாஸ் கொடுத்தேன். ஒன்று என் வீட்டுக்கும் வந்தது. அதில் பிடித்த தண்ணீரில்தான் சமைத்தேன், பாப்பாவைக் குளிப்பாட்டினேன். செல்லம்மாக்காவுக்கு ஒரே சந்தோஷம்: "கழுவக் கழுவ நுரை வருது பிள்ளை, இனி சோப்பே தேவையில்ல!"

நாலாம் பக்கம்

ஒரு நாள் மேனேஜர் மருந்தின் இங்கிலீஷ் விவரத் தாள்களைக் கொடுத்து, நாலாம் பக்கத்தை விட்டுவிட்டு டைப் அடிக்கச் சொன்னார். விடச் சொன்னதைத்தான் முதலில் படித்தேன். மக்காது. உடம்பில் சேரும். நீரில் வாழும் உயிர்களுக்கு நெடுங்காலம் தீங்கு. அடுத்த வரி: தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குத் தீங்கு செய்யலாம். பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரம் அது. என் ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது.

"இதைத் தமிழ்ல எழுதி டிரம் மேல ஒட்டியிருக்கணும் சார்!" என்று கத்தினேன். அந்த ஆபீஸில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்தார்: "ஏனுங்க, உங்களைத் தவிர இங்க யாரு அதைப் படிக்கப்போறாங்க?"

திரும்பி வந்தவை

வீடு வீடாகப் போய் டிரம்களைக் கேட்டேன். எல்லோரும் கொடுத்தார்கள். செல்லம்மாக்கா மட்டும் டிரம்மைப் பிடித்தபடியே நின்றார். "நீதானே பாஸ் எழுதின? இங்கிலீஷ் படிச்ச பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்குன்னுதானே என் பேத்திக்கு இந்தத் தண்ணியில கஞ்சி வச்சேன்?"

கடைசியில் அவரும் கையை எடுத்தார். ஒன்பதையும் கம்பெனி கேட்டுக்குள் உருட்டிவிட்டு, பாஸில் 'காலி அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துணியில் தண்ணீர் ஒட்டாமல் செய்யத் தெரிந்த கம்பெனிக்குத் தன்மேல் பழி ஒட்டாமல் செய்யவும் தெரிந்திருக்கிறது, என் பாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று சொல்லத்தான் அங்கே ஆளில்லை.