பெலிமோன் வீடு திரும்பிய மாலை

புயலுக்கு முன்பு பெலிமோன் எங்கள் ஊர் நகராட்சியில் குப்பை லாரி ஓட்டினார். பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவுக் கரையைக் கடல் புரட்டிப் போட்ட பிறகு அதே லாரியில் பிணங்களை ஏற்றினார். சரிந்த கூரைக்கு அடியிலிருந்து ஒரு மூதாட்டியின் உடலைத் தூக்கும்போதும், "பாத்து வாங்கம்மா, தலை இடிச்சுக்கப் போகுது" என்பார். கூட வேலை செய்த ஐந்து பேரும் சிரிக்க மாட்டார்கள்.

சாவைப் பார்த்தவர் எங்கள் ஊரில் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் ஏதாவது கடையில் சற்று உட்கார்ந்து, ஒட்டிக்கொண்டு வந்த ஆவியை அங்கேயே உதிர்த்துவிட்டுப் போக வேண்டும். சாதாரண நாட்களில் எந்தக் கடைக்காரரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. இப்போது பெலிமோனைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள்.

"ஒருத்தர்னா பரவாயில்லண்ணே, நீங்க ஒரு ஊரையே கூட்டிட்டு வர்றீங்களே" என்றான் முடிவெட்டும் இஸ்கோ.

ஆறு பேரும் லாரிக் கொட்டகையிலேயே படுத்தார்கள். பத்தாம் நாள் பெலிமோனின் மனைவி மெர்லிண்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. உதிர்க்க இடமில்லாமல் அதன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் தவித்தார் அந்த மனிதர்.

புயலடித்து மூன்று வாரம் கழித்து ரொட்டிக் கடை நெனிதா மறுபடி அடுப்பு மூட்டினாள். புயலுக்கு முன் கடலுக்குப் போன அவள் கணவன் அமாதோ இன்னும் கிடைக்கவில்லை. மாலையில் வாசலைக் கடந்த பெலிமோனை அவள் கூப்பிட்டாள்.

"உள்ள வந்து உக்காருங்கண்ணே."

"வேணாம்மா. இன்னைக்கு மட்டும் இருபத்தி மூணு பேரு."

"இருக்கட்டும். அதுல எங்க வீட்டுக்காரரும் இருந்தா, வேற யார் கடையில போய் நிப்பாரு?"

ரொட்டிக்கு நின்ற வரிசையிலிருந்து ஒருவரும் விலகவில்லை. வரிசையில் நின்ற இஸ்கோதான் பெஞ்சைத் துடைத்து, மற்ற ஐந்து பேரையும் கைப்பிடித்து அழைத்து வந்தான். சுடச்சுட ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் அழாத பெலிமோன் அழுதார்.

வீட்டு வாசலில் மெர்லிண்டா மறித்து, எங்கே உதிர்த்தீர்கள் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் குழந்தையை எடுத்து, அந்தக் கைகளிலேயே கொடுத்தாள்.